படிவத்தில் எந்தக் கட்டத்தை டிக் அடிப்பது?

அன்புள்ள பந்தலூர் தங்கைக்கு,

"அக்கா" என்று கூப்பிட்டு நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மற்ற வாசகர்களுக்காக அதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 26 வயது. கணினி அறிவியல் முடித்து, பி.லிப். என்ற நூலக அறிவியல் பட்டமும் படித்து, கூடலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறீர்கள். அமெரிக்காவில் தகவலியல் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்து, ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். அங்கிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது: ஆவணக் காப்பும் பராமரிப்பும், டேட்டா மேலாண்மை, பள்ளி நூலகம் என்று மூன்று சிறப்புப் பிரிவுகள், எதுவும் வேண்டாமென்றால் பொதுப் பட்டமாகவே முடித்துக்கொள்ளலாம். கடனுக்குக் கையெழுத்துப் போடப்போகிற கோயம்புத்தூர் மாமா, டேட்டாவைத் தவிர வேறு எதையும் எடுக்காதே என்கிறார். உங்கள் மனசு ஆவணத்தில் இருக்கிறது. காரணம், 1970களில் இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்த பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருக்கும் காகிதங்களும், அதே மாதிரி அரசுத் தேயிலைத் தோட்ட நிறுவனமான டேன்டீயின் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு கிடக்கும் காகிதங்களும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. சிறப்புப் பிரிவு என்ற அந்த ஒரு வரிக்கு நிஜமாகவே மதிப்பு உண்டா, ஆவணம் எடுத்தால் சோறு கிடைக்குமா, இரண்டையும் எடுக்க முடியுமா, விசா வராவிட்டால் என்ன செய்வது, இவைதான் கேள்விகள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவணப் பிரிவையே எடுங்கள். ஆனால் அந்தப் பெயருக்காக எடுக்காதீர்கள், அந்தப் பிரிவில் கடைசியில் வரும் களப்பயிற்சிக்காக எடுங்கள். மீதியிருக்கும் இடத்தில் மாமா சொல்லும் டேட்டாப் பாடங்களில் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இனி வரும் வளவளப்பு எல்லாம்.

இந்தச் சிறப்புப் பிரிவு விஷயத்தில் பாதிக் குழப்பம் எங்கே வருகிறதென்றால், பல்கலைக்கழகங்கள் மூன்று வேறு வேறு சரக்கை ஒரே மாதிரி பெயரில் விற்கின்றன. ஒன்று, முறையான சிறப்புப் பிரிவு: குறிப்பிட்ட பாடங்களை முடித்து, பேராசிரியர் கையெழுத்திட்டு, உங்கள் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பிரிவின் பெயர் ஒரு வரியாக ஏறும். இரண்டாவது, தனிச் சான்றிதழ்: பட்டத்தோடு சேர்ந்து, சில இடங்களில் கூடுதல் பாடங்களோடு, தனியாக ஒரு காகிதம் கையில் கிடைக்கும். மூன்றாவது, வெறும் வழிகாட்டுப் பட்டியல்: "ஆவணத்தில் ஆர்வமுள்ளவர்கள் இந்தப் பாடங்களை எடுக்கலாம்" என்று துறை போட்டுத் தரும் ஒரு பக்கம், அவ்வளவுதான், எங்கும் பதிவாகாது. மூன்றுக்கும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் பிறகு ஒரு அலுவலகத்தில் காட்டும்போது வித்தியாசம் தெரியும். உங்களுக்கு வந்திருப்பது படிவம் என்பதால் முதல் வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், இருந்தாலும் "இது மதிப்பெண் பட்டியலில் ஏறுமா, பட்டச் சான்றிதழிலும் வருமா" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் பட்டச் சான்றிதழில் பிரிவின் பெயர் வராது. ஊரில் சட்டம் போட்டு மாட்டப்போகிற அந்தக் காகிதத்தில் பட்டத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும், பாட்டியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் நூலக வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் முதலில் பார்ப்பது சிறப்புப் பிரிவை இல்லை. அமெரிக்க நூலகச் சங்கம் அங்கீகரித்த முதுகலைப் படிப்பா என்றுதான் பார்ப்பார்கள். அந்த அங்கீகாரம் மொத்தப் படிப்புக்கு, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகக் கிடையாது. பட்டத்தின் பெயர் எம்.எல்.ஐ.எஸ். (நூலக, தகவல் அறிவியல் முதுகலை) என்று இருக்கலாம், எம்.எஸ். என்று இருக்கலாம், வெறும் 'மாஸ்டர் ஆஃப் இன்ஃபர்மேஷன்' என்றும் இருக்கலாம், பெயர் முக்கியமில்லை. ஆனால் ஒரே துறையில் இரண்டு முதுகலைப் படிப்புகள் நடந்து, ஒன்றுக்கு மட்டும் அங்கீகாரம் இருக்கிற இடங்களும் உண்டு. உங்கள் கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதியிருந்தீர்கள், படிப்பின் முழுப் பெயரை எழுதவில்லை. அங்கீகாரப் பட்டியலைச் சங்கமே இணையத்தில் போட்டிருக்கிறது, இன்று ராத்திரியே பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். 36 கிரெடிட் படிப்பு, ஒரு பாடம் 3 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 12 பாடம். அதில் எல்லோருக்கும் கட்டாயமானவை நாலு போகும். சிறப்புப் பிரிவுக்குக் களப்பயிற்சியையும் சேர்த்து ஐந்து போகும். மிச்சம் மூன்று. இந்த மூன்றை வைத்துக்கொண்டுதான் இரண்டாவது சிறப்புப் பிரிவையும் வாங்கப் பார்க்கிறீர்கள். சில இடங்களில் ஒரே பாடத்தை இரண்டு பிரிவுக்கும் கணக்குக் காட்ட விடுவார்கள், சில இடங்களில் விடமாட்டார்கள். விட்டாலும் என் யோசனை, வேண்டாம். இரண்டு பிரிவுக்கும் கட்டாயப் பாடங்களைத் துரத்திக்கொண்டே இரண்டு வருடம் ஓடிவிடும், ஒரு ஆசிரியரிடம் நிதானமாக உட்கார்ந்து ஒரு வேலையை முழுசாகச் செய்து பார்க்க நேரமே இருக்காது. ஆவணம் ஒன்று போதும், அந்த மூன்று இடத்தில் தரவுத்தள வடிவமைப்பு ஒன்று, டிஜிட்டல் கோப்புகளை நீண்ட காலம் காப்பது பற்றி ஒன்று, மூன்றாவதாக உங்களுக்குப் பிடித்தது எதுவோ அது. கணினி அறிவியல் படித்தவர் நீங்கள், முதல் பாடம் உங்களுக்குப் பெரிய பாரமாக இருக்காது.

பாடங்களை வரிசையாகப் போடும்போது முதல் செமஸ்டரிலிருந்து ஆரம்பித்துப் போடாதீர்கள். கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். சிறப்புப் பிரிவில் ஒன்றிரண்டு பாடங்கள் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும், சில பாடங்கள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம். காகிதப் பராமரிப்பு, ஒலி ஒளிப் பதிவுகளைக் காப்பது மாதிரி ஆய்வகம் தேவைப்படும் பாடங்கள்தான் பெரும்பாலும் இப்படி, இடமும் குறைவாக இருக்கும். அந்த ஒரு பாடத்தைத் தவறவிட்டால் பட்டம் கிடைக்கும், பிரிவு கிடைக்காது. மாணவர் விசாவில் இருக்கும் உங்களுக்கு இன்னொரு செமஸ்டர் தங்குவதென்றால் இன்னொரு செமஸ்டர் பீஸ், இன்னொரு செமஸ்டர் வாடகை. அதனால் அரிதாக நடக்கும் பாடத்தை முதலில் கட்டத்தில் ஆணி அடித்துவிட்டு, மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

களப்பயிற்சிக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்? பழனி மலையில் நான் வேலை பார்க்கும் ஆவணக் காப்பகம் சின்னது, வருடத்துக்கு ஒன்றிரண்டு பேரைத் திட்ட வேலைக்கு எடுப்போம். மனு வந்தால் நான் நேராகப் போவது கடைசிப் பக்கத்துக்கு. என்ன பிரிவு என்று எழுதியிருந்தால் ஒரு பார்வை பார்ப்பேன். "இன்ன குடும்பத்தின் 14 பெட்டிக் காகிதங்களை வரிசைப்படுத்தி, விவரப் பட்டியல் தயாரித்தேன், பட்டியலை இங்கே பார்க்கலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் ஆளைப் பற்றித் தெரிந்துவிடும். தேதி தெரியாத கடிதத்துக்குத் தேதி இல்லை என்று எழுதியிருக்கிறாரா, இல்லை ஊகத்தைத் தேதியாக எழுதியிருக்கிறாரா? பெட்டி வந்தபோது இருந்த வரிசையைக் குறித்துக்கொண்டாரா, இல்லை அழகுக்காக எல்லாவற்றையும் கலைத்து வருட வாரியாக அடுக்கிவிட்டாரா? சிறப்புப் பிரிவின் உபயோகம் இங்கேதான் இருக்கிறது. தானாகப் போய்க் கேட்டால் கிடைக்காத ஒரு பெட்டியை, பிரிவின் கட்டாயம் என்று சொல்லித் துறையே உங்கள் மேசையில் கொண்டுவந்து வைக்கும்.

இதில் விசா சம்பந்தப்பட்ட ஒரு லாபமும் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே சம்பளத்தோடு பயிற்சி எடுக்க வேண்டுமானால், அந்தப் பயிற்சி பாடத்திட்டத்தின் ஒரு அங்கமாக இருக்க வேண்டும், சிபிடி என்பார்கள். உங்கள் பிரிவு களப்பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தால் அந்த அனுமதி வாங்குவது சுலபம். பொதுவாக முதல் கல்வியாண்டு முடிந்த பிறகுதான் தருவார்கள். முழுநேர சிபிடியில் 12 மாதத்தைத் தொட்டுவிடாதீர்கள், தொட்டால் படிப்புக்குப் பின்னால் வரும் ஓபிடி வேலை அனுமதி போய்விடும். களப்பயிற்சியைக் கோடை விடுமுறையில் இந்தியாவிலேயே ஒரு காப்பகத்தில் செய்ய ஒப்புக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, எங்கள் மலையில் செண்பகனூரில் இயேசு சபையின் மதுரை மாகாண ஆவணக் காப்பகம் இருக்கிறது. இதற்கெல்லாம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். வெறும் கையோடு போய் நின்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நேரில் பார்த்துக் கற்பதற்கு நம் நூலகத் துறையின் முன்னோடியே உதாரணம். எஸ். ஆர். ரங்கநாதன் 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தபோது கணக்கு வாத்தியார், நூலகம் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த வருடமே லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நூலகப் படிப்புக்குப் போனார். வகுப்பில் உட்கார்ந்ததோடு நிற்காமல், நாடு முழுக்க நூலகம் நூலகமாகச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து அவர் கொடுத்த, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் பகுப்பு முறை 1933ல் வெளிவந்தது. 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அவர்தான் பின்னணி. உங்கள் பி.லிப். பாடத்தில் இதையெல்லாம் மனப்பாடம் செய்திருப்பீர்கள், ஆனால் அந்தச் சுற்றலைப் பரீட்சையில் யாரும் கேட்பதில்லை.

வேலைக்கு வருவோம். யார் அந்த ஒரு வரியைப் படிப்பார்கள்?

இந்தியாவில் கல்லூரி, பல்கலைக்கழக உதவி நூலகர் வேலைக்கு நூலக அறிவியல் முதுகலையில் 55 சதவீதமும் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும், இல்லாவிட்டால் விதிப்படியான முனைவர் பட்டமும் கேட்பார்கள். சிறப்புப் பிரிவு என்று ஒரு கட்டமே விண்ணப்பத்தில் இருக்காது. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் நூலகப் பணித் தேர்விலும் அப்படித்தான். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அதற்கு இங்கே சமநிலைச் சான்று வேறு வாங்கியாக வேண்டும், அதற்குப் படிப்பின் காலம், பாடங்கள், மதிப்பெண் எல்லாம் கேட்பார்கள், எனவே ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் பத்திரமாகச் சேர்த்து வையுங்கள். ஆக, திரும்பி வந்து அரசுக் கல்லூரி நூலகர் ஆவதுதான் திட்டமென்றால் எந்தப் பிரிவை எடுத்தாலும் ஒன்றுதான், நெட் எழுதுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த ஆசை எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. ஆவணக் காப்பாளர் வேலை விளம்பரங்களில் முதுகலைப் பட்டத்தோடு ஆவணவியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்று போடுவது சகஜம், அங்கே உங்கள் வரிக்கு வேலை இருக்கிறது. ஆனால் நிரந்தர வேலைகள் குறைவு, மானியம் வந்தால் ஒரு வருடம் இரண்டு வருடம் என்று ஒப்பந்த வேலைகள் அதிகம், விசாவுக்கு ஸ்பான்சர் செய்கிற காப்பகங்கள் அதைவிடக் குறைவு. இதை நான் மறைத்துச் சொன்னால் உங்கள் மாமா என்னை மன்னிக்க மாட்டார். பள்ளி நூலகப் பிரிவை மட்டும் தொடவே வேண்டாம். அது அந்தந்த மாநிலத்தின் பள்ளி நூலகர் உரிமத்துக்காக வடிவமைத்தது, பல மாநிலங்களில் ஆசிரியர் தகுதியும் சேர்த்துக் கேட்பார்கள். அந்த மாநிலத்திலேயே இருந்து வேலை பார்க்கப்போகிறவருக்கு அது தங்கம், உங்களுக்குத் தகரம்.

மாமா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் அதைத் தப்பான இடத்தில் தேடுகிறார். படிப்பு முடிந்ததும் ஓபிடியில் 12 மாதம் வேலை பார்க்கலாம், அறிவியல் தொழில்நுட்பப் படிப்பு என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். கடன் அடைக்கிறவர்களுக்கு இந்த 24 மாதம் பெரிய விஷயம். அதை முடிவு செய்வது சிறப்புப் பிரிவின் பெயர் இல்லை, பல்கலைக்கழகம் அந்தப் படிப்புக்குப் போட்டிருக்கும் வகைப்பாட்டு எண். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் உங்கள் ஐ-20 படிவத்தில் படிப்பின் பெயரோடு ஒரு எண் இருக்கும். 11.0401 என்றால் தகவல் அறிவியல், நீட்டிப்புப் பட்டியலில் இருக்கிறது. 25.0101 என்றால் நூலக அறிவியல், பட்டியலில் இல்லை. பக்கத்துப் பக்கத்து மேசையில் ஒரே பாடத்தைப் படிக்கிற இரண்டு பேருக்கு, அவர்கள் சேர்ந்த படிப்பின் எண் வேறாக இருப்பதால், இரண்டு வருட வித்தியாசம் வரும். ஆகவே மாமாவிடம் ஐ-20ஐக் காட்டுங்கள், பிரிவைப் பற்றி அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, எதற்கும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதைவிட, ஆவணம் ஒரு பக்கம் டேட்டா ஒரு பக்கம் என்று நீங்கள் இருவரும் பிரித்து வைத்திருப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் இருக்கிறது, 1899ல் தொடங்கியது. 1904 முதல் அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள், ஆரம்பத்தில் கண்ணாடித் தட்டுகளில், பின்னால் பிலிமில். அந்தத் தட்டுகளைப் பாதுகாத்ததும் ஆவணப் பராமரிப்புதான்: ஈரம் ஏறாமல், ஒன்றோடொன்று உரசாமல், உறை மாற்றி மாற்றி. இப்போது இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றை டிஜிட்டலாக்கியிருக்கிறது, சூரியப் புள்ளிகள் நூறு வருடத்துக்கு மேல் எப்படி மாறின என்று பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆய்வாளர்கள் அவற்றை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அது பக்கா டேட்டா. ஆனால் ஒரு தட்டை டேட்டாவாக ஆக்குவது ஸ்கேனர் இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, தட்டில் எந்தப் பக்கம் சூரியனின் வடக்கு என்ற குறிப்பு. அது தப்பினால் படம் இருக்கும், கணக்கு வராது. அந்தக் குறிப்பை யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து எழுதி வைத்தார், இன்னொருவர் அதைப் படித்துச் சரிபார்த்து மெட்டாடேட்டாவாக, அதாவது கணினி தேடிப் படிக்கக்கூடிய விவரக் குறிப்பாக, ஆக்குகிறார். இரண்டாவது ஆளுக்கு இன்று வேலை இருக்கிறது, நல்ல வேலை. ஆவணப் பிரிவோடு தரவுத்தளப் பாடமும் படித்தவர்தான் அந்த இடத்துக்குப் பொருந்துவார். இதை மாமாவிடம் சொல்லிப் பாருங்கள், கோயம்புத்தூர்க்காரர், விலை போகும் சரக்கு எது என்று அவருக்குப் புரியும்.

இப்போது உங்கள் பாட்டியின் பெட்டி. "போவதற்கு முன்னால் பேமிலி கார்டை லேமினேட் பண்ணி வைக்கலாமென்று இருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து பண்ணாதீர்கள்! சூட்டில் உருகிய பிளாஸ்டிக் காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிடும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. காகிதத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அமிலமும் உள்ளேயே அடைபட்டு வேலையைக் காட்டும், மை சூட்டில் மங்கினாலும் மங்கும். செல்லோடேப்பும் அப்படித்தான், சில வருடத்தில் பிசின் பழுப்பாக இறங்கி, ஒட்டிய இடத்தில் இருந்த எழுத்தையே தின்றுவிடும். உறை வேண்டுமானால் பாலியெஸ்டர் உறை, இரண்டு பக்கம் திறந்தது. அது கிடைக்கும்வரை அமிலமில்லாத வெள்ளைக் காகிதத்தை மடித்து உள்ளே வைத்தால் போதும்.

பந்தலூர், தேவாலா மழையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை துணியே காயாது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூசணம் பிடிக்கும், அதுவும் சுவரை ஒட்டி, தரையில், மூடிய இரும்புப் பெட்டிக்குள் என்றால் சொல்லவே வேண்டாம், இரும்பு குளிர்ந்து உள்ளேயே வேர்க்கும். ஆகவே பெட்டியைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி மரப் பலகை மேல் வைத்து, வெயில் வரும் நாளில் மூடியைத் திறந்து நிழலில் காற்றாட விடச் சொல்லுங்கள். நேர் வெயிலில் காயவைக்கக் கூடாது. பூசணம் பிடித்த காகிதத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, துடைத்தால் கறையை உள்ளே தேய்த்து ஏற்றிவிடுவோம். முதலில் காற்றில் நன்றாக உலரவிட்டு, வீட்டுக்கு வெளியே, மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். ராமபாணப் பூச்சிக்காகப் பாச்சை உருண்டையைக் காகிதத்தோடு போடுகிறவர்கள் உண்டு, வேண்டாம், அந்தப் புகை மனிதருக்கும் ஆகாது. நீங்கள் எடுக்கப்போகும் பராமரிப்புப் பாடத்தில் இதெல்லாம் வரும், ஆனால் அந்தப் பாடம் பெரும்பாலும் ஏ.சி. ஓடும் காப்பறையை மனதில் வைத்து நடக்கும். கரன்ட் போகிற, மழை ஒழுகுகிற லயத்து வீட்டில் என்ன செய்வது என்று வகுப்பில் கேட்கிற ஆள் நீங்களாக இருப்பீர்கள், கேளுங்கள், நல்ல ஆசிரியருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

காகிதத்தைவிடச் சிக்கலானது அது யாருடையது என்பது. இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள 1964ல் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், அதன்படி வந்தவர்களுக்காக 1968ல் நீலகிரியில் அரசு ஆரம்பித்த தேயிலைத் திட்டம், 1976ல் அது டேன்டீ என்ற நிறுவனமானது, இதெல்லாம் அரசுக் கோப்பில் இருக்கும். உங்கள் குடியிருப்பில் இருப்பது அதன் மறுபக்கம்: வந்து இறங்கியவர்களுக்கு மண்டபம் முகாமில் கொடுத்த பேமிலி கார்டு, கண்டியிலிருந்து வந்த கடிதம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, யாரும் பெயர் எழுதாத ஒரு குரூப் போட்டோ. அந்த கார்டில் வயது தப்பாக இருக்கும், பெயர் தப்பாக இருக்கும், சாதி இருக்கும். சிலருக்கு அது இன்னும் நடக்கிற வழக்கில் சாட்சி. இணையத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்று நினைக்கும் முன் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, எதை வெளியே காட்டலாம், எதைக் காட்டக் கூடாது, எத்தனை வருடம் கழித்துக் காட்டலாம் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். மூலத்தை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு நகலை மட்டும் எடுப்பதுதான் பல இடங்களில் சரிப்படும். சமூக ஆவணக் காப்பு என்று சில துறைகளில் தனிப் பாடமே இருக்கிறது, உங்கள் துறையில் இருந்தால் அதுதான் நான் மேலே விட்டு வைத்த மூன்றாவது இடம்.

நகல் எடுக்கும்போது ஒரே ஒரு விஷயம் மட்டும்: விவரத்தை யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், தட்டுங்கள். 90களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் பாதிப் பேரிடம் இன்று திறந்தால் கிறுக்கலாகத் தெரிவதற்குக் காரணம், ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. தமிழ்நாடு அரசே 2010ல்தான் யூனிகோடுக்கு வந்தது. பழைய கோப்பு எதுவும் கிடைத்தால், மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.

விசா வராவிட்டால்? ஒன்றும் குடி மூழ்கிவிடாது. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் ஆவணவியலில் ஓராண்டு டிப்ளமா நடத்துகிறது, இந்திய அளவில் ஆவண வேலைக்கு அதற்கு மரியாதை உண்டு. டேட்டா பக்கம் கனமாக வேண்டுமென்றால் பெங்களூரில் டி.ஆர்.டி.சி. என்ற ஆவணப்படுத்தல் ஆராய்ச்சி, பயிற்சி மையம் இருக்கிறது, 1962ல் ரங்கநாதன் தொடங்கியது, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் உதவித்தொகையோடு இரண்டு வருட முதுகலை, நுழைவுத் தேர்வு உண்டு. வேலையை விடாமல் படிக்க, இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எல்.ஐ.எஸ். இருக்கிறது. கடன் வாங்குவதை நினைத்துத் தூக்கம் வராமல் இருந்தால், விசா வந்தாலும்கூட இவற்றை ஒரு தரம் யோசித்துப் பாருங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

போவதென்று முடிவானால், படிவத்தில் ஆவணத்தை டிக் அடித்து அனுப்பிவிடுங்கள். பிரிவைப் பாதியில் கைவிடுவது பெரும்பாலும் ஒரு மெயிலில் முடிகிற வேலை, தாமதமாகச் சேர்வதுதான் கஷ்டம், ஏனென்றால் அதற்குள் ஒரு பாடம் கை நழுவியிருக்கும். அனுப்பும்போதே உங்கள் அட்வைசருக்கு இதைக் கேட்டு எழுதுங்கள்: பிரிவின் பாடங்களில் எவை அடுத்த இரண்டு வருடத்தில் எந்தெந்த செமஸ்டரில் நடக்கும், களப்பயிற்சி கட்டாயமா, அதை இந்தியாவில் செய்யலாமா, எந்த கிரேடுக்குக் கீழே வாங்கினால் ஒரு பாடம் பிரிவுக்கு எண்ணப்படாது, முடிவில் போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) கேட்பார்களா. கூடவே, பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவில் மாணவர் வேலை எப்போது அறிவிப்பார்கள் என்றும் கேளுங்கள். செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரை வேலை பார்க்க விசாவில் இடமுண்டு, அந்த இடங்கள் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே நிரம்பிவிடும். பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பாட அட்டவணையைச் சேர்ந்து போடலாம்.